மூன்று மாப்பிள்ளைகள்

புயல் மறுநாள் மதியம் கரையேறும் என்று ரேடியோவில் சொன்னபோது எங்கள் தெருவில் யாரும் பயப்படவில்லை. அலுத்துக்கொண்டார்கள். மூன்று வருஷத்தில் அது நான்காவது புயல். பலகைகளை எங்கே போட்டோம், ஆணி டப்பா எங்கே, போன தடவை இரவல் போன ஏணி ஏன் இன்னும் திரும்பி வரவில்லை என்ற சண்டைகள்தான் முதலில் கேட்டன. பிறகு எல்லா வீட்டிலிருந்தும் சுத்தியல் சத்தம். புயலைவிட அதற்கு முன்னால் ஏணியில் ஏறி இறங்குவதும் அது போன பிறகு பெருக்கித் தள்ளுவதும்தான் மனுஷனைச் சாகடிக்கிறது என்று எதிர்வீட்டு பஸ் டிரைவர் சொல்வார். அவர் ஒரு நாளும் ஏணியில் ஏறியதில்லை. அவர் மனைவிதான் ஏறுவார்.

நான் அப்போது தெருவின் கடைசி வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். செருப்புக் கடையில் விற்பனையாள் வேலை. காலண்டர் மாட்ட ஆணி அடித்தால்கூடச் சுவர் பெயர்ந்து கையோடு வருகிற ஆள் நான். கீழே வீட்டுக்காரர்கள், கதவுக்காரரும் அவர் மனைவியும். அந்த அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர்களுடைய ஒரே மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருந்தாள்.

கதவுக்காரர் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பாதி வீடுகளின் கார் ஷெட் கதவு அவர் மாட்டியதுதான். தகடு தகடாகக் கோத்து, இரண்டு பக்கத் தண்டவாளத்தில் ஏறி, கூரைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிற அகலமான கதவுகள். நான் வீடு பார்க்க வந்த அன்றைக்கே எனக்குப் பாடம் எடுத்துவிட்டார்.

“ஜன்னல் போனா ஒரு ரூம் நனையும், அவ்வளவுதான். ஷெட் கதவு போனா வீடே போகும். அவ்வளவு பெரிய வாய் அது. காத்து உள்ள பூந்துட்டா வெளிய போக வழி தேடும். அதுக்குத் தெரிஞ்ச வழி மேலதான். கூரையைத் தூக்கிக்கிட்டுப் போயிடும். மாடியில இருக்கறது நீங்க, அதனால சொல்றேன்.”

அதற்கு அவர் வைத்திருந்த மருந்து மூன்று இரும்புக் கம்பங்கள். புயல் வரும்போது கதவுக்கு உள்பக்கம் மூன்றையும் நிறுத்த வேண்டும். கம்பத்தின் தலை, மேலே இருக்கிற கான்கிரீட் உத்தரத்தில் போல்ட்டோடு நிற்கும். நடுவில் கதவின் கீல்களோடு கொக்கி. கால் தரையில் ஒரு சாண் ஆழக் குழிக்குள் இறங்கி நிற்கும். அவர் தொழிலில் அந்தக் கம்பத்துக்கு மாப்பிள்ளை என்று பெயர்.

“வருஷம் முழுக்க மூலையில சாஞ்சு நிக்கும். ஒரு வேலை கிடையாது. ஆனா மூஞ்சி சுளிக்காம எண்ணெய் போட்டுக் கவனிக்கணும். ஒரே ஒரு நாள் கூப்பிட்டு நிக்க வெப்போம். அன்னிக்கு நின்னுட்டா போதும், மீதி எல்லாத்தையும் மன்னிச்சுடலாம்” என்பார்.

வெளியில் சொன்ன நேரத்துக்குப் போய் நிற்கிற மனிதர், தன் வீட்டு வேலை என்றால் மட்டும் வாயில் ஒரே வார்த்தை. குழாய் ஒழுகுகிறதா, பாத்துக்கலாம். மகளுக்குப் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டுமா, பாத்துக்கலாம். பிறகு எல்லாவற்றையும் அக்காதான் அலைந்து முடிப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. வீடு எரிந்தபோது ஒரே ஒரு அகப்பை தப்பியது போல, அவ்வளவு பேச்சிலும் ஒரு வார்த்தை மட்டும் தப்பியிருந்தது. பாத்துக்கலாம். பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். அவருக்கு எல்லாம் புரிகிறது, சொல்லத்தான் வார்த்தை வரவில்லை என்று டாக்டர் சொன்னார். தலையசைப்பிலும் குழப்பம். ஆமாவுக்கும் இல்லைக்கும் ஒரே மாதிரி ஆடும்.

“எத்தனை பேச்சுப் பேசின மனுஷன் தம்பி” என்று அக்கா ஒரு நாள் துணி அலசிக்கொண்டே சொன்னாள். “என் பேரு போச்சு. பெத்த பொண்ணு பேரு போச்சு. இது மட்டும் போக மாட்டேங்குது பாருங்க. இருபத்தெட்டு வருஷமா அவர் பாத்துக்கலாம்னு சொன்னதை எல்லாம் நான் பாத்துக்கிட்டேன். இப்ப அவரையே பாத்துக்கறேன்.”

வீட்டுக்குள் போகிற நடை குறுகல். ஆஸ்பத்திரிக் கட்டில் அதற்குள் நுழையவில்லை. காரை விற்றுவிட்டு, கார் ஷெட்டிலேயே கட்டிலைப் போட்டார்கள். ஆக, அவர் மாட்டிய கதவைப் பார்த்தபடி அவரே படுத்திருந்தார். அவரைப் புரட்ட, துடைக்க, சக்கர நாற்காலியில் ஏற்ற, எல்லாவற்றுக்கும் அக்கா ஒருத்தி. ஆள் தொண்ணூற்றைந்து கிலோ. அக்கா அதில் பாதி இருந்தால் அதிகம். அவள் நடை ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தது.

இதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவள் தம்பி ஒரு காப்பகத்தில் இடம் பிடித்திருந்தான். வேன் ஓட்டுகிறவன், நல்ல பையன், நாற்பது வயது. போன வாரம் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். “மச்சான், காப்பகத்துல சேர்ந்துக்கறீங்களா? அக்காவுக்கு முடியலை.” அவர் அவனையே பார்த்துவிட்டு “பாத்துக்கலாம்” என்றார். “பாருக்கா, அவரே சரின்னுட்டார்” என்று அவர் இடது கைப் பெருவிரலை மையில் தொட்டுக் காப்பகத்துப் படிவத்தில் வைத்து எடுத்தான். ஒன்றாம் தேதி கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. அதற்கு ஒன்பது நாள் முன்னால் புயல் வந்தது.

புயலன்று விடியும்போதே அக்கா மாடி ஏறி வந்து கதவைத் தட்டினாள்.

“தம்பி, ஒரு கை பிடிக்கறீங்களா? மாப்பிள்ளைகளை நிறுத்தணும்.”

“பள்ளிக்கூடத்துப் புயல் முகாமுக்குக் கூட்டிட்டுப் போயிடலாமேக்கா. எல்லாரும் போறாங்க.”

“போன தடவை போனோமே. தரையில மூணு நாள் கிடந்தார். முதுகுல வந்த புண்ணு ஆற நாலு மாசம் ஆச்சு. இன்னொரு தடவை அதைக் கழுவ என்கிட்டத் தெம்பு இல்லை.”

இறங்கிப் போனோம். வெளியே காற்று இல்லை. வானம் கழுவாத பாத்திரம் மாதிரி இருந்தது. கதவுக்காரர் விழித்திருந்தார். நாங்கள் மூலையிலிருந்து முதல் கம்பத்தைத் தூக்கியதும் அவர் இடது கை கட்டில் கம்பியைப் பிடித்தது.

தூக்கிக்கொண்டு கதவருகே போனோம். தலையை உத்தரத்துக்கு நேராகக் கொண்டுபோக முடியவில்லை. கம்பம் நீளமாக இருந்தது. நான் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தேன். அக்கா கீழே பார்த்தாள். பார்த்தவள் கம்பத்தை விட்டுவிட்டாள். என் தோள் தப்பியது கடவுள் புண்ணியம்.

“குழி எங்க தம்பி?”

தரை வழவழவென்று இருந்தது. போன வருஷம் போட்ட புதுத் தரை. சக்கர நாற்காலியின் சக்கரம் குழியில் இறங்கி ஒரு தடவை அவர் குப்புற விழப் பார்த்தார். அதனால் அக்காதான் கொத்தனாரைக் கூப்பிட்டாள். குழி மூன்றையும் அடைத்து, மேலே இரண்டு விரல்கடைக்கு சிமெண்ட் பூசி மட்டம் பண்ணச் சொன்னாள்.

அந்த நாள் எனக்கும் ஞாபகம் வந்தது. கடைக்கு விடுமுறை. டீ டம்ளரோடு நானும் இங்கேதான் நின்றேன். கொத்தனார் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, “அண்ணே, மூடிடலாமா?” என்று கேட்டார். “பாத்துக்கலாம்” என்றார் கதவுக்காரர். முதல் குழியில் கல்லைப் போட்டபோது மறுபடியும் சொன்னார். இரண்டாவது குழிக்குக் கத்தினார். மூன்றாவதுக்குக் கட்டில் கம்பியை அடித்து அடித்துக் கத்தினார். “அண்ணன் இன்னிக்கு ஜோரா இருக்கார், மேஸ்திரி வேலை பாக்கறார்” என்று கொத்தனார் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். அன்றைக்கும் மறுநாளும் அவர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று அக்கா மருந்து கொடுத்தாள்.

இப்போது நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு வெட்கமாக இருந்தது. கட்டிலிலிருந்து மெதுவாகக் குரல் வந்தது. “பாத்துக்கலாம்.”

“வேண்டாம்னு சொல்லியிருக்கார் தம்பி” என்றாள் அக்கா.

“தெரியலையேக்கா அப்ப.”

“தொண்டை கிழியக் கத்தினாரே. என்னங்க இது, எப்பவும் இல்லாம இப்படிக் கத்தறாரேன்னு ஒரு நிமிஷம் நின்னு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். கொத்தனார் போறதுக்குள்ள வேலை முடியணும்னு எனக்கு அவசரம்.”

தோண்டுவது என்று முடிவானது. எங்கே தோண்டுவது? தரையில் ஒரு தடயமும் இல்லை. அவருடைய சாமான் பெட்டியைப் பக்கத்துத் தெருவில் அதே தொழில் பார்க்கிறவனுக்குக் கொடுத்தாகிவிட்டது. எதிர்வீட்டில் சுத்தியலும் உளியும் கேட்டு வாங்கி வந்தேன். பஸ் டிரைவரின் உளி, அவரைப் போலவே வேலை செய்து பழக்கமில்லாதது. குத்துமதிப்பாக ஓர் இடத்தில் தட்டினேன். “பாத்துக்கலாம்” என்றார். கொஞ்சம் தள்ளித் தட்டினேன். “பாத்துக்கலாம்” என்றார். சரியா தப்பா என்று தெரியாமல் முழங்காலில் நின்றேன். அடுத்தவர் காலடியில் முழங்கால் போடுவதில் எனக்குப் பதினைந்து வருஷ அனுபவம் உண்டு. பயன்தான் இல்லை.

திடீரென்று மணிச் சத்தம். அக்காவைக் கூப்பிடுவதற்காகக் கட்டில் கம்பியில் கயிறு கட்டிச் சின்ன மணி ஒன்று தொங்கும். அதை அவர் இழுத்துப் பிய்த்துக் கையில் வைத்திருந்தார்.

“பாத்ரூம் வருதா?” என்று அக்கா பாத்திரத்தை எடுத்தாள்.

அவர் கையைத் தூக்கினார். கயிற்றின் நுனியைப் பிடித்து மணியைக் கீழே தொங்க விட்டார். மணி ஆடியது. அது ஆடி நிற்கிறவரை அவர் கையை அசைக்கவில்லை. முகம் சிவந்தது, ஆனாலும் அசைக்கவில்லை.

“தூக்குக்குண்டு!” என்றாள் அக்கா. “ஐயோ தம்பி, தூக்குக்குண்டு விடச் சொல்றார். மேல போல்ட் ஓட்டை இருக்கே, அதுல இருந்து கயிறு விட்டா நேரா கீழதானே குழி!”

கதவுக்காரரின் மனைவிக்கே அது இவ்வளவு நேரம் தோன்றவில்லை என்றால் எனக்கு எப்படித் தோன்றும்? நாற்காலி மேல் ஏறி உத்தரத்து ஓட்டையிலிருந்து அந்த மணியையே தொங்கவிட்டோம். அது நின்ற இடத்தில் அக்கா கரியால் புள்ளி வைத்தாள். இப்படி மூன்று புள்ளிகள். கதவுக்காரர் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு வருஷத்தில் அவர் சொன்னதை அப்படியே நாங்கள் கேட்ட முதல் வேலை அது.

முதல் குழிக்கு ஒரு மணி நேரம் ஆனது. மேல் பூச்சு உடைந்ததும் உள்ளே வெறும் மண்ணும் ஓட்டுச் சில்லும். கையால் அள்ளினோம். கம்பத்தை இறக்கினால் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. இரண்டாவது குழி தோண்டும்போது மழை ஆரம்பித்தது. அப்போதுதான் அக்காவின் தம்பி வேனில் வந்தான். உள்ளே வந்தவன் எங்கள் கோலத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“என்னக்கா பண்றே? கிளம்பு. பாலத்தைப் பதினொரு மணிக்கு மூடறாங்க.”

“அவரை எப்படிக் கூட்டிட்டுப் போறது?”

“பின் சீட்டைக் கழட்டிட்டேன். மெத்தையோட படுக்க வெச்சுடலாம்.”

“மூணு மணி நேரம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூக்கிப் போடும். உங்க வீடு மூணாவது மாடியில. யாரு தூக்கறது?”

“அப்ப நீ மட்டும் வா.”

அக்கா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

“தப்பா சொல்லலைக்கா. எனக்கு நீதான் முக்கியம். இன்னும் ஒன்பது நாள்தானே, காப்பகத்துல நல்ல கட்டடம், இந்த அவஸ்தை எல்லாம் கிடையாது. அவரும் சரின்னுதானே சொன்னார்.”

அக்காவின் கையில் இருந்த சுத்தியல் நின்றது.

“என்ன சொன்னார்?”

“பாத்துக்கலாம்னார். நீயும் பக்கத்துலதானே நின்னே.”

அக்கா உளியைத் திரும்ப நேராக வைத்தாள். குனிந்து மறுபடியும் அடிக்க ஆரம்பித்தாள். முன்பு அடித்ததைவிட வேகமாக அடித்தாள். சிமெண்ட் தூள் அவள் புருவத்தில், உதட்டில் எல்லாம் ஒட்டியிருந்தது. நான் கட்டிலைப் பார்த்தேன். அவர் கண் திறந்திருந்தது.

அந்தப் பையன் நல்லவன் என்றேன் அல்லவா, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மூன்றாவது குழியில் உட்கார்ந்துவிட்டான். அங்கேதான் சனி பிடித்தது. கடைசிக் குழி என்று கொத்தனார் மிச்சமிருந்த ஜல்லியும் சிமெண்ட்டும் குழைத்துக் கொட்டியிருந்தார். பாறையாக இருந்தது. ஒரு விரல்கடை ஆழம் போவதற்குள் பஸ் டிரைவரின் உளி முனை உடைந்து பறந்தது. மணி பத்தரை.

“நீ போடா” என்றாள் அக்கா. “உன் பிள்ளைங்க அங்க தனியா இருக்கும். போ.”

அவன் அழுதுவிடுவான் போல இருந்தது. போகும்போது வேனில் இருந்த இழுவைச் சங்கிலியைக் கொண்டுவந்து போட்டான். எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை. ஏதாவது கொடுக்க வேண்டும், கையில் இருந்தது அதுதான்.

மூன்றாவது மாப்பிள்ளை குழிக்குள் இறங்க மாட்டார். மேலேயும் சேர மாட்டார். அக்கா ரம்பம் கேட்டாள். எதிர்வீட்டில் இருந்தது. கம்பத்தைத் தரையில் படுக்க வைத்து நான் பிடித்துக்கொள்ள, அவள் அறுத்தாள். ஒரு விரல்கடைக் குழிக்குத் தகுந்த மாதிரி அளந்து, கால் பக்கத்தில் அறுத்து எடுத்தாள். இரும்பை அறுக்கிற சத்தம் கேட்கச் சகிக்கவில்லை. கதவுக்காரர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் அளந்து செய்த கம்பம் அது. அவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நிறுத்தி, அக்கா மேலே போல்ட்டை முறுக்க, நான் கொக்கி மாட்டினேன். தலை நின்றது. காலை நான் செருப்பால் ஒரு எத்து எத்தினேன். நகர்ந்தது.

“நிக்காதுக்கா.”

“தெரியுது.”

கட்டிலில் டங் டங் என்று அடி விழுந்தது. கதவுக்காரர் இடது கையால் கட்டில் கம்பியை அடித்தார். எங்களைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், மறுபடியும் கட்டிலை அடித்தார். “பாத்துக்கலாம்” என்றார். கையை நீட்டிக் கதவைக் காட்டினார்.

இந்த முறை எனக்கு முதலில் புரிந்தது.  இரும்புக் கட்டில், பூட்டுப் போட்ட சக்கரம், அதன் மேல் தொண்ணூற்றைந்து கிலோ. அதைக் கொண்டுபோய்க் கம்பத்தின் காலில் முட்டுக் கொடுக்கச் சொல்கிறார்.

“கட்டிலை மட்டும் வெக்கலாம்” என்றாள் அக்கா. “உங்களை மெத்தையோட நடைக்கு இழுத்துட்டுப் போயிடறோம்.”

நாங்கள் மெத்தையைப் பிடித்து இழுத்தோம். அவர் இடது கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. நாற்பது வருஷம் தகடு தூக்கின கை. இரண்டு பேராலும் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. அக்கா அவர் கையில் ஓங்கி ஓர் அடி கொடுத்தாள். அவர் விடவில்லை. அவள் அந்தக் கையிலேயே தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.

“சரி, தள்ளுங்க தம்பி” என்றாள்.

கால்மாட்டைக் கம்பத்தில் முட்டி, தலைமாட்டுக்கும் பின்சுவருக்கும் நடுவில் பீரோவைப் படுக்க வைத்து, இடைவெளியில் மேஜையைச் செருகினோம். காற்று தள்ளுகிற அளவுக்கு இழுக்கவும் செய்யும் என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சங்கிலிக்கு வேலை வந்தது. கம்பத்தின் காலைக் கட்டிலோடு சேர்த்துச் சங்கிலியால் இறுக்கினோம். அவர் பாதத்துக்கும் கதவுக்கும் நடுவில் ஒன்றரை அடிதான் இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் போனது. ஒரு மணிக்குப் புயல் வந்தது. பகல் என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம். நான் மாடிக்குப் போகவில்லை. நடையின் வாசலில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தேன். அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். முதலில் கதவு நடுங்கியது. பிறகு உள்ளே தள்ளியது. தகடுகள் வயிற்றை எக்குகிற மாதிரி உள்ளே வந்தன, அப்படியே நின்றன, பிறகு யாரோ வெளியிலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி வெளியே போயின. ஒவ்வொரு இழுப்புக்கும் சங்கிலி விறைத்தது. கட்டில் ஓர் அங்குலம் நகர்ந்து கிரீச்சிட்டது. அவர் இடது காலால் கட்டில் விளிம்பை அழுத்திக்கொண்டு, உடம்பை மெத்தைக்குள் புதைத்துக்கொண்டு கிடந்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்கு அவருக்கு ஒரு வேலை இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நடுவில் ஒரு தடவை மாடியில் கண்ணாடி உடைந்து விழும் சத்தம் கேட்டது. மேலே கூரை முனகியது. அப்போதுதான் அக்கா பேசினாள். கத்தித்தான் பேச வேண்டியிருந்தது, அந்தக் காற்றில்.

“தம்பி, அந்தக் கடைசிப் போல்ட்டை முறுக்கும்போது ஒரு நிமிஷம் கையை எடுத்துட்டேன். பாத்தீங்களா?”

“இல்லைக்கா.”

“எடுத்துட்டேன். விழுந்தா விழட்டும்னு தோணிச்சு. எல்லாமே ஒரேயடியா முடிஞ்சு போகட்டும். நானும் இதோட போறேன். நாளைக்குக் காலையில எழுந்து துடைக்க வேண்டாம், புரட்ட வேண்டாம், ஊட்ட வேண்டாம். அப்படி ஒரு ஆசை வந்துச்சு தம்பி. பசி மாதிரி வந்துச்சு.”

“முறுக்கிட்டீங்களேக்கா.”

“முறுக்கினேன். ஏன் முறுக்கினேன்னு தெரியலை. கை பழகிப்போச்சு.”

அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு எல்லாம் புரியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அக்காவும் அது தெரிந்தேதான் அவர் முன்னால் சொன்னாள். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை. கதவு மறுபடியும் உள்ளே வந்தது.

ஐந்து மணிக்குக் காற்று இறங்கியது. சட்டென்று இல்லை. பெரிய சண்டை போட்டவர்கள் விருட்டென்று போகாமல் முணுமுணுத்துக்கொண்டே போவதுபோல் போனது. கதவின் நடுத் தகடு தொப்பை விழுந்து நின்றது. மூன்றாவது கம்பம் ஒரு விரல் சாய்ந்திருந்தது, விழவில்லை. பின்வாசல் வழியாகப் போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஷெட் கதவு தெரு நடுவில் கிடந்தது. அவர்கள் கூரை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. நல்லவேளை, அவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார்கள். மாடியில் என் கட்டிலும் துணியும் நனைந்திருந்தன. கூரை தலைக்கு மேல் இருந்தது.

திரும்பி வந்தபோது அக்கா சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏங்க. அன்னிக்குக் கொத்தனார்கிட்ட வேண்டாம்னுதானே சொன்னீங்க?”

“பாத்துக்கலாம்.”

“காரை விக்கட்டுமான்னு கேட்டப்ப?”

“பாத்துக்கலாம்.”

“உங்க சாமான் பெட்டியைத் தூக்கி அவனுக்குக் குடுத்தேனே, அப்ப?”

அவர் கண்ணை மூடினார். கொஞ்சம் பொறுத்து, “பாத்துக்கலாம்” என்றார்.

“காப்பகத்துக்குப் போறீங்களா?”

“பாத்துக்கலாம்.”

“போக வேண்டாமா?”

“பாத்துக்கலாம்.”

இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் சொல்லிவிடலாமே என்று. தெரியவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள்.

“இத்தனை நாளும் அவரைக் கேட்டுக் கேட்டுத்தான் எல்லாம் செஞ்சேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன் தம்பி. எனக்கு எது வேணுமோ அதைத்தான் அவர் வாயில இருந்து கேட்டிருக்கேன்.”

ஆறு மணி சுமாருக்கு அவள் போன் அடித்தது. தம்பிதான். பாதி நேரம் குரல் அறுந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். வீடு நின்றதா, யாருக்கும் அடி இல்லையே என்று அழுதுகொண்டே கேட்டான். பிறகு சொன்னான்.

“காப்பகத்துல விசாரிச்சுட்டேன்கா. கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகலையாம். ஒண்ணாம் தேதி கொண்டு வரலாம்னாங்க.”

“வேண்டாம்னு சொல்லிடு.”

“என்னக்கா? மச்சான் வேண்டாம்னாரா?”

“அவர் என்ன சொன்னார்னு எனக்குத் தெரியாது. நான் வேண்டாங்கறேன்.”

“உன்னால முடியுமாக்கா?”

“முடியாது.”

அக்கா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். 

“முடியாதுன்னு தெரியும்டா” என்றாள் அக்கா. “நாளைக்கே என்னால முடியலைன்னு நான் கொண்டுபோய் விடலாம். விட்டா, நான் விட்டேன்னு விடுவேன். அவர் சரின்னாருன்னு இனிமே யாரும் சொல்லக் கூடாது.”

“சரிக்கா. ஆனா யாரு பாத்துக்கறது?”

அக்கா போனை அணைத்து மேஜை மேல் வைத்தாள். துடைப்பத்தை எடுத்து வந்து சிமெண்ட் தூளையும் ஜல்லியையும் பெருக்க ஆரம்பித்தாள். ஈரத்தில் தூள் தரையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு துடைப்பத்தைப் பிடித்தபடியே அந்தத் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் வாய்விட்டு அழுதாள். அவர் விழுந்த அன்றைக்கும் அழாதவள் அவள். எங்கே போவது என்று தெரியாமல் நான் நடையிலேயே நின்றேன்.

கதவுக்காரர் அவளைப் பார்த்தார். உதடு பிரிந்தது. அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது எனக்குத் தெரிந்தது. அவர் பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டார்.